நாம் எங்கே இருக்கிறோம்?

(பெங்களூர் ஆஸ்டின் டவுனில், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நல்லது. இன்றைய பேச்சே அந்தப் பிள்ளைகளைப் பற்றியதுதான்.

மூன்று வயது முதல் எட்டு வயது வரை உள்ள பிள்ளைகள் ஓயாமல் கேள்வி கேட்பார்கள்.

"அம்மா, நிலா ஏன் நம்ம கூடவே வருது?"

"இந்தத் தண்ணி எங்கிருந்து வருது?"

"நம்ம ஊர் எது?"

"நாம தமிழா, கன்னடமா?"

நாம் என்ன சொல்கிறோம்? "சும்மா இரு" என்கிறோம். "ஸ்கூல்ல டீச்சரைக் கேளு" என்கிறோம்.

ஏன் அப்படிச் சொல்கிறோம்? வேலை இருக்கிறது. களைப்பு இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. "நான் இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றேன். எனக்கு என்ன தெரியும்?" என்ற கூச்சம்.

அந்தக் கூச்சம் வேண்டாம். இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். "இந்தப் பெரிய உலகத்தில் நான் எங்கே இருக்கிறேன்?" என்று பிள்ளை கேட்கிறது. இதற்குப் பதில் சொல்லப் பெரிய படிப்பு தேவை இல்லை. சமையலறை டப்பாவும், தண்ணீர்க் குழாயும், தெருவின் பெயர்ப் பலகையும் போதும். எப்படி என்று பார்ப்போம்.

பிள்ளை எப்படி நினைக்கிறது?

சிறு பிள்ளை உலகத்தைத் தன்னிடமிருந்துதான் பார்க்கும். தான் நடந்தால் நிலாவும் நடக்கிறது என்று நினைக்கும். தான் தூங்கினால் ஊரே தூங்குகிறது என்று நினைக்கும். இது முட்டாள்தனம் அல்ல. அந்த வயதின் இயல்பு.

சுவிட்சர்லாந்து நாட்டில் ஜீன் பியாஜே என்று ஓர் அறிஞர் இருந்தார். 1896-ஆம் ஆண்டு பிறந்து 1980-ஆம் ஆண்டு மறைந்தார். பிள்ளைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதையே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். அவர் வாழ்ந்த நகரம் ஜெனீவா. ஜெனீவா, சுவிட்சர்லாந்து நாட்டுக்குள் இருக்கிறது.

ஜெனீவாவில் உள்ள சிறு பிள்ளைகளிடம், "நீ சுவிட்சர்லாந்துக்காரனா?" என்று கேட்டார்கள். பிள்ளைகள், "இல்லை, நான் ஜெனீவாக்காரன்" என்றார்கள். "இரண்டாகவும் இருக்க முடியாதா?" என்று கேட்டால், "முடியாது" என்றார்கள். ஊரையும் நாட்டையும் வட்டமாக வரையச் சொன்னார்கள். பல பிள்ளைகள் இரண்டு வட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தார்கள். பெரிய பிள்ளைகள்தான் ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டத்தைப் போட்டார்கள். 1951-ஆம் ஆண்டு இந்த ஆராய்ச்சி வெளிவந்தது.

இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? "நான் ஒன்றாக இருந்தால் இன்னொன்றாக இருக்க முடியாது" என்பது சிறு பிள்ளையின் எண்ணம். வளர வளர அது மாற வேண்டும். சில பெரியவர்களுக்கு அது மாறுவதே இல்லை. அதனால்தான் ஊர்ச் சண்டையும் மொழிச் சண்டையும் வருகின்றன.

டப்பாவுக்குள் டப்பா

உங்கள் வீட்டில் எவர்சில்வர் டப்பாக்கள் இருக்கும். பெரிய டப்பாவுக்குள் சிறியது, அதற்குள் அதைவிடச் சிறியது என்று அடுக்கி வைப்பீர்கள். அவற்றை எடுத்துத் தரையில் வையுங்கள். பிள்ளையை எதிரே உட்கார வையுங்கள்.

மிகச் சிறிய டப்பாவுக்குள் ஒரு புளியங்கொட்டையைப் போடுங்கள். "இதுதான் நீ. இந்த டப்பா நம்ம வீடு" என்று சொல்லுங்கள். அதை அடுத்த டப்பாவுக்குள் வையுங்கள். "இது நம்ம தெரு." அடுத்தது ஆஸ்டின் டவுன். அடுத்தது பெங்களூர். அடுத்தது கர்நாடகம். அடுத்தது இந்தியா. கடைசியில் பெரிய குண்டான். அதுதான் உலகம்.

இப்போது கேளுங்கள். "புளியங்கொட்டை எங்கே இருக்கு?" பிள்ளை யோசிக்கும். அது வீட்டுக்குள்ளும் இருக்கிறது. பெங்களூருக்குள்ளும் இருக்கிறது. உலகத்துக்குள்ளும் இருக்கிறது. எல்லாமே உண்மை. ஒன்று உண்மையானால் மற்றது பொய் ஆகாது.

ஒரே நாளில் புரியாது. பத்து நாள் விளையாடினால் புரியும். ஏழெட்டு டப்பா இல்லாவிட்டால் சாக்பீஸால் தரையில் வட்டம் போடுங்கள்.

இந்த விளையாட்டில் இன்னொரு பயனும் உண்டு. சிவாஜி நகர் மரியன்னை பேராலயத்தில் செப்டம்பர் 8 திருவிழாவுக்கு எவ்வளவு கூட்டம் வருகிறது! அங்கே கையை விட்டுவிட்டால், ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன் முழுப் பெயர் தெரிய வேண்டும். அம்மா, அப்பா பெயர் தெரிய வேண்டும். தெரு, ஊர், ஒரு போன் நம்பர் தெரிய வேண்டும். "எங்க வீடு நீலக் கதவு" என்று சொன்னால் யாரால் கண்டுபிடிக்க முடியும்? குழந்தைகளுக்கு உதவி கேட்கும் எண் 1098. இதையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் வீட்டு முகவரியை உங்கள் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தாயும் தந்தையும் எழுதிய எழுத்தைப் பார்த்துப் பிள்ளை படிக்கட்டும்.

குழாய்க்கு அப்பால்

இப்போது தண்ணீருக்கு வருவோம்.

"அம்மா, தண்ணி எங்கிருந்து வருது?"

"குழாயிலிருந்து."

"குழாய்க்கு எங்கிருந்து வருது?"

"தொட்டியிலிருந்து."

"தொட்டிக்கு?"

இங்கேதான் நாம் வாயை அடைத்துவிடுகிறோம். அடைக்காதீர்கள். இதுதான் நல்ல இடம்.

பெங்களூர் ஒரு மேட்டு ஊர். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. முன்பு ஏரிகளும் கிணறுகளும்தான் தண்ணீர் கொடுத்தன. 1896-ஆம் ஆண்டு ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. 1933-ஆம் ஆண்டு திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்திலிருந்து வந்தது. அதுவும் போதவில்லை. 1974-ஆம் ஆண்டு காவிரித் தண்ணீர் வந்தது. அந்தத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024-ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது.

காவிரி குடகு மலையில் தலைக்காவிரியில் பிறக்கிறது. மண்டியா மாவட்டத்தின் பக்கமாக வரும்போது அதிலிருந்து நமக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். தொரேகாடனஹள்ளி என்ற இடத்தில் அதைச் சுத்தம் செய்கிறார்கள். அங்கிருந்து பெங்களூருக்குச் சுமார் 100 கிலோமீட்டர். தூரம் மட்டும் அல்ல, மேடும் ஏற வேண்டும். சுமார் 500 மீட்டர் உயரம். தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தை ஏழெட்டு முறை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு உயரமோ அவ்வளவு. தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி ஆகிய மூன்று இடங்களில் பெரிய பம்புகள் தண்ணீரை ஏற்றி ஏற்றி அனுப்புகின்றன.

"கண்ணு, இந்தச் சொம்புத் தண்ணி ஒரு மலையே ஏறி வந்திருக்கு" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். குழாயைத் திறந்து போட்டுவிட்டு ஓட அதற்கு மனம் வராது.

நாம் எடுத்தது போக மீதிக் காவிரி எங்கே போகிறது? ஒகேனக்கல் போகிறது. மேட்டூர் அணைக்குப் போகிறது. திருச்சி, தஞ்சாவூர் வயல்களுக்குப் போகிறது. பூம்புகாரில் கடலில் சேருகிறது. உங்கள் மாமன், மச்சான், சின்னம்மா வீட்டார் யாராவது அந்த ஊர்களில் இருப்பார்கள். நீங்களும் அவர்களும் ஒரே ஆற்றைக் குடிக்கிறீர்கள்.

மோரிக்கு அப்பால்

தண்ணீர் வந்த கதையைச் சொன்னோம். போகும் கதையையும் சொல்ல வேண்டும். இதைப் பலர் சொல்வதில்லை.

பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? மோரியில் விழுகிறது. மோரி பெரிய ராஜகால்வாயில் சேருகிறது. நம் பக்கத்து ராஜகால்வாய்த் தண்ணீர் கோரமங்களா பள்ளத்தாக்கு வழியாகப் பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி. அங்கிருந்து தட்சிண பினாகினி ஆறு. இது நந்தி மலைப் பக்கம் பிறந்து வரும் ஆறு.

தட்சிண பினாகினி என்பது எந்த ஆறு தெரியுமா? தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் அதற்குப் பெயர் தென்பெண்ணை! ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை. அப்புறம் கிருஷ்ணகிரி அணை. அப்புறம் சாத்தனூர் அணை. கடைசியில் கடலூர் அருகே கடல்.

இங்கே இருக்கும் பல குடும்பங்களுக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம்தான் பூர்வீகம். நாம் மோரியில் போடும் அழுக்கு யார் வயலுக்குப் போகிறது? நம் பெரியப்பா, சித்தப்பா வயலுக்குப் போகிறது. பெல்லந்தூர் ஏரியில் 2015-ஆம் ஆண்டும் 2017-ஆம் ஆண்டும் தீப்பிடித்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தண்ணீர் எரியுமா? சுத்தம் செய்யாத கழிவும் நுரையும் குப்பையும் சேர்ந்தால் ஏரியும் எரியும். கெலவரப்பள்ளி அணையிலும் நுரை பொங்கிய நாட்கள் உண்டு.

எல்லாக் குற்றமும் நம் வீட்டு மோரியின் மேல் இல்லை. கழிவைச் சுத்தம் செய்ய வேண்டியது நகரத்தின் பொறுப்பு. தொழிற்சாலைகளின் பொறுப்பு. அதைக் கேட்பது நம் உரிமை. ஆனால் பிளாஸ்டிக் பையை மோரியில் போடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையின் கையிலும் இருக்கிறது.

பாருங்கள், ஆஸ்டின் டவுனில் ஒரு சின்ன வீடு. அந்த வீட்டுக் குழாயில் காவிரி வருகிறது. அந்த வீட்டு மோரியிலிருந்து தென்பெண்ணைக்குத் தண்ணீர் போகிறது. நமக்கு மேலே ஒரு கூட்டம் மக்கள். நமக்குக் கீழே ஒரு கூட்டம் மக்கள். நடுவில் நாம். உலகத்தில் நம் இடம் இதுதான். இதைவிடத் தெளிவாகப் பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது?

"நாம எந்த ஊர்?"

இப்போது கடினமான கேள்விக்கு வருகிறேன். பெங்களூரில் பிறந்த தமிழ்ப் பிள்ளை கேட்கிறது: "நாம இங்க இருக்கறவங்களா, வெளியூரா?"

யாரோ விளையாட்டில் ஏதோ சொல்லியிருப்பார்கள். பிள்ளை அழுதுகொண்டு வந்திருக்கும். அப்போது நாம் கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னால், அது அந்தப் பிள்ளையின் மனசில் ஐம்பது வருடம் தங்கும்.

உண்மையைச் சொல்லுங்கள். உண்மை நல்லதாகத்தான் இருக்கிறது.

1809-ஆம் ஆண்டு ஆங்கிலேயர்கள் ஹலசூர்ப் பக்கம் படை முகாம் போட்டார்கள். அதைத்தான் தண்டு என்கிறோம். தண்டு மாரியம்மன் என்ற பெயரில் இன்றும் அந்தச் சொல் இருக்கிறது. படையோடு சென்னை மாகாணத்திலிருந்து தமிழர்கள் வந்தார்கள். சிப்பாய்கள் வந்தார்கள். சமையல்காரர்கள், துணி வெளுப்பவர்கள், கட்டட வேலைக்காரர்கள், வியாபாரிகள் வந்தார்கள். ஆஸ்டின் டவுன் அந்தத் தண்டுப் பகுதியைச் சேர்ந்தது. பக்கத்தில் வண்ணார்பேட்டை. பெயரே தமிழ்ப் பெயர்.

மைசூர் அரசு ஒரு பக்கம், தண்டு இன்னொரு பக்கம் என்று ஊர் இரண்டாக இருந்தது. 1949-ஆம் ஆண்டு இரண்டும் ஒரே மாநகராட்சி ஆயின. அன்று முதல் எல்லோருக்கும் ஒரே பெங்களூர்.

இந்த ஊரைக் கட்டியதில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. விதான சௌதாவுக்கு எதிரே சிவப்பாக ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. அட்டாரா கச்சேரி. இன்று கர்நாடக உயர் நீதிமன்றம். 1868-ஆம் ஆண்டு கட்டி முடிந்தது. அதைக் கட்டுவித்தவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1873-ஆம் ஆண்டு அவர் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடமும் தொடங்கினார். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது பிள்ளைக்குக் காட்டுங்கள்.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லுங்கள். இந்த ஊர் நமக்குச் சோறு போட்டது. இந்த மண்ணின் மொழி கன்னடம். அதைக் கற்பது நம் கடமை, நமக்கு நன்மையும்கூட. வீட்டு மொழி தமிழ், ஊர் மொழி கன்னடம். பிள்ளைக்கு அம்மா வீட்டுச் சொந்தம் ஒன்று, அப்பா வீட்டுச் சொந்தம் ஒன்று. இரண்டில் எது சொந்தம் என்று யாராவது கேட்பார்களா? இரண்டும் சொந்தம்தான்.

கன்னடம் தூரத்து மொழியும் அல்ல. பிள்ளையோடு இப்படி விளையாடிப் பாருங்கள். நாம் பால் என்றால் அவர்கள் ஹாலு என்பார்கள். பல் என்றால் ஹல்லு. பூ என்றால் ஹூவு. பத்து என்றால் ஹத்து. புலி என்றால் ஹுலி. நம் 'ப' அவர்களிடம் போய் 'ஹ' ஆகிவிட்டது, அவ்வளவுதான். பழைய கன்னடத்தில் அவர்களும் 'ப' என்றுதான் சொன்னார்கள். இரண்டும் அக்கா தங்கை மொழிகள்.

ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டல் நகர் என்று இன்னொரு பெயர் உண்டு. கிட்டல் யார்? ஃபெர்டினாண்ட் கிட்டல் என்ற பாதிரியார். 1832-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தார். 1853-ஆம் ஆண்டு கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார். கன்னடம் கற்றார். பல வருடம் உழைத்துச் சுமார் 70,000 சொற்களுக்கு அகராதி எழுதினார். அது 1894-ஆம் ஆண்டு அச்சாகி வந்தது. வேறு நாட்டில் பிறந்தவர் இந்த மண்ணின் மொழியை நேசித்தார். இந்த மண் தன் தெருக்களுக்கு அவர் பெயரைக் கொடுத்தது. நம் பேட்டையின் பெயரே பிள்ளைகளுக்கு ஒரு பாடம்.

சண்டை நடந்ததையும் மறைக்க வேண்டாம். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையால் இந்த ஊரில் கலவரம் நடந்தது. தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். பலர் ஊரை விட்டுப் போனார்கள். 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்தன. உங்களில் சிலர் அந்த நாட்களைக் கண்ணால் பார்த்தவர்கள். தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டில் வைத்துக் காப்பாற்றிய கன்னட அண்டை வீட்டாரும் உண்டு. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான்கு வயதுப் பிள்ளைக்கு அடிதடிக் கதை வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளை கேட்டால் இப்படிச் சொல்லலாம்: "ஒரே ஆறு. இரண்டு பக்கமும் தாகம். மழை குறைஞ்சா பங்கு போடறதுல சண்டை வருது. அதைக் கோர்ட்டில் பேசித் தீர்க்கணும், தெருவில் அடிச்சுத் தீர்க்கக் கூடாது." உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தீர்ப்புச் சொன்னது. அதில் பெங்களூரின் குடிநீருக்காகவே 4.75 டி.எம்.சி. தண்ணீர் ஒதுக்கியது. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. அந்தத் தண்ணீரைத் தமிழ் பேசும் வீடும் குடிக்கிறது, கன்னடம் பேசும் வீடும் குடிக்கிறது, உருது பேசும் வீடும் குடிக்கிறது.

ஹலசூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 1991-ஆம் ஆண்டு முதல் 18 வருடம் அது மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9 அன்று திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வஞ்ஞர் சிலையைத் திறந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். இந்தக் கதையைச் சொல்லுங்கள். சண்டை வந்தது, பேசித் தீர்த்தார்கள் என்று பிள்ளை தெரிந்துகொள்ளட்டும்.

இடம் என்றால் தாழ்வு அல்ல

இன்னொரு எச்சரிக்கை. "உன் இடம் என்னன்னு தெரிஞ்சு நட" என்று சிலர் சொல்வார்கள். அதற்கு என்ன அர்த்தம்? "நீ கீழே, தலை நிமிராதே" என்று அர்த்தம். சாதியைச் சொல்லி, ஏழ்மையைச் சொல்லி, பெண் என்று சொல்லி இந்த வார்த்தையை வீசுவார்கள்.

நான் சொல்லும் இடம் அது அல்ல. தீண்டாமையை நம் அரசியல் சட்டம் 1950-ஆம் ஆண்டே ஒழித்துவிட்டது. மனிதர்களில் மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லக் கூடாது. "நீ உலகத்துக்கு நடுவில் இல்லை, ஆனால் யாருக்கும் கீழேயும் இல்லை." இதுதான் சொல்ல வேண்டியது.

நம் நந்தன் மைதானத்தில் பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள். பெங்களூர்த் தண்டுப் பக்கத்துக்குக் கால்பந்து என்றால் உயிர். 1948-ஆம் ஆண்டு லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. சுதந்திர இந்தியாவின் அணி பிரான்ஸோடு ஆடியது. நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். 2-க்கு 1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் போட்ட முதல் கோல் அதுதான்.

இப்போது நிலாவைப் பற்றிய கேள்விக்கு வருவோம்.

உருண்டைப் பூமி

"நிலா ஏன் கூடவே வருது?" நிலா மிகத் தூரத்தில் இருக்கிறது. சுமார் 3,84,000 கிலோமீட்டர். பஸ்ஸில் போகும்போது பக்கத்து மரம் வேகமாகப் பின்னால் போகிறது. தூரத்து மலை மெதுவாகப் போகிறது. நிலா அதைவிட மிக மிகத் தூரம். அதனால் அது நகராதது போல, கூடவே வருவது போலத் தெரிகிறது. நீலசந்திராவில் நடக்கும் பிள்ளைக்கும் கூடவே வரும். சேலத்தில் நடக்கும் பிள்ளைக்கும் கூடவே வரும். ஒரே நிலாதான்.

பகல் இரவு எப்படி வருகிறது? ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடியுங்கள். வெளிச்சம் படும் பக்கம் பகல். மறுபக்கம் இரவு. பழத்தில் ஒரு பொட்டு வைத்து, "இது ஆஸ்டின் டவுன்" என்று சொல்லி மெதுவாகச் சுற்றுங்கள். பொட்டு வெளிச்சத்துக்கு வரும், இருட்டுக்குப் போகும். பூமி இப்படி ஒரு சுற்றுச் சுற்ற 24 மணி நேரம்.

நம் தெருப் பிள்ளைகளுக்கு இது வெறும் பாடம் அல்ல. அக்கா ராத்திரியில் கம்பெனி காரில் வேலைக்குப் போகிறாள். ஏன்? அப்போது அமெரிக்காவில் பகல். மாமா துபாயில் இருக்கிறார். இங்கே ராத்திரி ஒன்பது மணி என்றால் அங்கே ஏழரை. போனில் பேசும்போது, "மாமா, உங்களுக்கு இப்ப மணி என்ன?" என்று பிள்ளையே கேட்கட்டும்.

அந்த நிலாவில் 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. அதைப் பெங்களூரில் இருந்துதான் இயக்கினார்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வே தொழிலாளியின் மகன். முதலில் டிப்ளமா, பிறகு என்ஜினீயரிங் என்று படிப்படியாகப் படித்து வந்தவர். "நிலா நம்ம கூட வருதே" என்று இன்று கேட்கும் பிள்ளை நாளைக்கு எங்கே போகும் என்று யார் சொல்ல முடியும்?

செய்ய வேண்டியவை

நீளமாகப் பேசிவிட்டேன். சுருக்கிச் சொல்கிறேன்.

1. கேள்வி கேட்டால் அடக்காதீர்கள். தெரியாவிட்டால், "தெரியலை, சேர்ந்து கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யுங்கள்.

2. பக்கத்தில் இருப்பதில் தொடங்குங்கள். தூரத்தில் இருப்பதைப் பிறகு சொல்லுங்கள். முதலில் தெரு, பிறகு ஊர், பிறகு உலகம்.

3. தினம் பத்து நிமிடம் போதும். சோறு ஊட்டும்போது, அரிசி எங்கிருந்து வந்தது என்று பேசுங்கள். பஸ்ஸில் போகும்போது பெயர்ப் பலகையைச் சேர்ந்து படியுங்கள்.

4. தெருவில் உள்ள எல்லா வீட்டுக்கும் பிள்ளையை அனுப்புங்கள். ரம்ஜானுக்கு அந்த வீட்டுப் பிரியாணி, கிறிஸ்துமஸுக்கு இந்த வீட்டு கேக், பொங்கலுக்கு நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல். பழகிய வீட்டின் மேல் பிள்ளை கல் எறியாது.

5. பிள்ளையின் காதில் விழும்படி வேறு சாதியையோ, மதத்தையோ, மொழியையோ இழிவாகப் பேசாதீர்கள். பிள்ளை நம் புத்திமதியைவிட நம் பேச்சைத்தான் வேகமாகக் கற்கும்.

6. பயத்தை ஊட்டாதீர்கள். "அங்க போகாதே, பூச்சாண்டி" என்று வளர்த்தால் உலகமே பூச்சாண்டி ஆகிவிடும். எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் காரணத்தோடு சொல்லுங்கள்.

அன்பர்களே! பிள்ளைக்கு நகை சேர்க்கிறோம். சீட்டுக் கட்டுகிறோம். அதெல்லாம் வேண்டியதுதான். அதோடு இதையும் கொடுங்கள். "நான் இந்தத் தெருவின் பிள்ளை. இந்த ஊரின் பிள்ளை. இந்த நாட்டின் பிள்ளை. இந்த உலகத்தின் பிள்ளை. என் தண்ணீர் யாரிடமிருந்தோ வருகிறது. என் தண்ணீர் யாரிடமோ போகிறது." இந்த அறிவோடு வளரும் பிள்ளை யாரையும் வெளியாள் என்று தள்ளாது. தன்னை யாராவது தள்ளினாலும் ஒடிந்து போகாது.

இன்று இரவே டப்பாக்களை எடுத்துத் தரையில் வையுங்கள். ஒரு புளியங்கொட்டையைத் தேடி எடுங்கள்.



கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டுக் குழாய்க்கு வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர் வருகிறது? அது எந்த ஆற்றிலிருந்து வருகிறது?

2. உங்கள் தாத்தா பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? ஏன் வந்தார்கள்? பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

3. தமிழிலும் கன்னடத்திலும் ஒன்றுபோல் இருக்கும் சொற்கள் ஐந்து எழுதுங்கள்.

4. "நாம வெளியூரா?" என்று உங்கள் பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

5. உங்கள் முழு முகவரியைப் பார்க்காமல் எழுதுங்கள். பிள்ளையையும் எழுதச் சொல்லுங்கள்.